கெடு தாண்டக் கூடாத கணக்குகள்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில் தமிழ்ச்செல்வியின் கடை எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் காட்டும். பட்டா எடுக்க வேண்டுமா, சாதிச் சான்றிதழுக்கு மனு ஏற்ற வேண்டுமா, ஆதாரில் அப்பன் பேரைத் திருத்த வேண்டுமா, எல்லாம் அவளிடம்தான். முன்னறை கடை, பின்னால் இரண்டு அறையும் சமையற்கட்டும் வீடு. யாருக்கும் அஞ்சாதவள் என்று அவளுக்குப் பேர். வரிசையைத் தாண்டி உள்ளே நுழைகிறவர் கட்சிக்காரராக இருந்தாலும் சரி, சொந்த மாமனாராக இருந்தாலும் சரி, பின்னால் போய் நிற்கச் சொல்லுவாள். அவர்களும் போய் நிற்பார்கள்.

அப்படிப்பட்டவளைக் காட்டி, இந்தத் தெருவிலேயே அதிகம் பயந்தவள் இவள்தான் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். ஆனால் அதுதான் உண்மை. பல வருஷங்களாக அவள் பயந்துகொண்டே இருந்தாள். எழுந்தால் பயம், சோறு வடிக்கும்போது பயம், கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். அந்தப் பயம் பின்னறையில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில், ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியில் குடியிருந்தது.

கடைக்கென்று இருந்த கம்ப்யூட்டர்களோடு இது சேராது. இதில் யாரும் மனு ஏற்றக் கூடாது, படம் பார்க்கக் கூடாது. பகலும் இரவும் உஸ்ஸென்று ஓடிக்கொண்டே இருக்கும். வெள்ளிக்கிழமை தவறாமல் இதற்கு மஞ்சள் குங்குமம் உண்டு. பின்பக்கம் ஒரு மஞ்சள் துணி முடிச்சு தொங்கும். முத்துவேல், அவள் வீட்டுக்காரன், ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்க்கிறவன், சாது. அந்தப் பெட்டிக்கு 'ரெண்டாவது புள்ள' என்று அவன் பேர் வைத்திருந்தான். மூத்ததற்கு வாங்கித் தராத ஏ.சி.யை இதற்கு வாங்கினாலும் வாங்குவாள் என்று கேலி செய்வான். கேலியோடு சரி, கிட்டே போய்த் தொடமாட்டான். அவனுக்கும் உள்ளூர உதறல்தான்.

கதை இதுதான். அவர்களுடைய ஒரே மகள் சுபாஷ்ரீக்கு இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ரத்தத்தில் புற்றுநோய் வந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். அந்த வார்டு வராந்தாவில்தான் வெங்கடேசன் பழக்கமானார். அரக்கோணத்துக்காரர். அவருடைய பையனும் அதே நோயோடு பக்கத்துக் கட்டிலில் இருந்தான். மனிதரின் மடியில் எப்போதும் ஒரு லேப்டாப் திறந்திருக்கும், அதில் என்னவோ தானாக ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் தமிழ்ச்செல்வி அது என்ன என்று கேட்டாள்.

அவர் பொறுமையாகச் சொன்னார். வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் இந்த நோய்க்கு மருந்து தேடுகிறார்கள். எந்த மருந்து உடம்பில் எங்கே போய் ஒட்டும் என்று பார்க்கக் கோடிக்கணக்கான கணக்குகளைப் போட வேண்டும். அவர்களிடம் இருக்கிற கம்ப்யூட்டர்கள் மட்டும் போட்டால் ஒரு ஆயுசு போதாது. அதனால் கணக்கைத் துண்டு துண்டாக நறுக்கி, உலகம் முழுக்க விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நெட் வழியாக அனுப்புகிறார்கள். நம் பெட்டி சும்மா இருக்கும் நேரத்தில் அந்தக் கணக்கைப் போட்டு விடையைத் திருப்பி அனுப்பும். கூலி கிடையாது, தர்மம்தான். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு கெடு உண்டு, விடை அதற்குள் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் என்ன ஆகும் என்று அவள் கேட்டாள். ஒன்றும் ஆகாது, அதையே வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான் என்றார். நம்மால் முடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால் நாமே திருப்பிவிடலாம், அதற்கும் ஒரு பொத்தான் இருக்கிறது, அதுதான் நல்ல பழக்கம் என்றும் சொன்னார்.

இந்தக் கடைசிப் பகுதியைத் தமிழ்ச்செல்வி காதில் வாங்கினாள், மனசில் வாங்கவில்லை. காரணம், அந்த வாரம் சுபாஷ்ரீயின் ரத்த அணுக்கள் கிடுகிடுவென்று இறங்கிக்கொண்டிருந்தன. பார்க்கலாம் என்று சொன்ன டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். இந்த மாதிரி நேரத்தில் நம் பெண்கள் என்ன செய்வார்கள்? மஞ்சள் நனைத்த துணியில் காசு முடிந்து சாமியிடம் நேர்ந்துகொள்வார்கள். ஆனால் மொட்டை, பொங்கல், அங்கப்பிரதட்சணம், தீச்சட்டி எல்லாம் ஏற்கெனவே நேர்ந்தாகிவிட்டது. புதிதாகக் கொடுக்க அவளிடம் எதுவும் மிச்சமில்லை. வெங்கடேசனின் மடியில் ஓடிக்கொண்டிருந்த கணக்கைத்தான் கண் பார்த்தது. பிறந்த ஊரான மாகறலின் ஈஸ்வரனை நினைத்துக் காசை முடிந்தாள். என் வீட்டில் ஒரு பெட்டி சும்மா நிற்காமல் இந்தக் கணக்கைப் போடும், வாங்கின கணக்கு ஒன்றுகூட கெடு தாண்டாது, என் பொண்ணை மட்டும் விட்டுவிடு என்று வேண்டினாள்.

சுபாஷ்ரீ பிழைத்தாள். வெங்கடேசனின் பையன் பிழைக்கவில்லை. அவரும்தான் ஒரு கெடுவைக்கூடத் தவறவிடாமல் அனுப்பினார். தமிழ்ச்செல்வி இதை யோசிக்காமல் இல்லை. யோசித்துவிட்டு, பாவம், அவர் முடிச்சுப் போட்டுக்கொள்ளவில்லையே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பயந்த மனசு எப்படியெல்லாம் நியாயம் பேசும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

வீட்டுக்கு வந்து பெட்டியை வாங்கிப்போட்டாள், இன்வெர்ட்டர் வைத்தாள். விசேஷம், ஊர், உறவு எல்லாம் குறைந்தது. அவள் வீட்டை விட்டுச் சேர்ந்தாற்போல நாலு நாள் வெளியே தங்கியது ஒரே ஒரு தடவைதான், சொந்தத் தம்பியின் கல்யாணத்துக்கு. அப்போதும் பெட்டிக்குக் காவலாக மகளை வீட்டில் விட்டுவிட்டு, காலையும் மாலையும் அவளுக்குப் போன் போட்டு, பெட்டி ஓடுகிறதா என்று கேட்டபிறகுதான் சாப்பிட்டாயா என்று கேட்டாள். மகளை நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்துப் பார்க்க அழைத்துப் போவார்கள். ரிப்போர்ட் நன்றாக வந்தால் மற்றவர்களுக்குப் பயம் குறையும், இவளுக்கு ஏறும். முடிச்சு வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படியானால் தவறிவிட்டால் என்ன நடக்கும்? வேண்டுதல் இன்னதென்று வீட்டில் மற்ற இருவருக்கும் தெரியும், இந்தக் கேள்வியை மட்டும் அவள் யாரிடமும் வாய்விட்டுக் கேட்டதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அந்தக் கார்த்திகையில் புயல் வந்தது. புயல் சேதி வந்தால் நம் வீடுகளில் முதல் வேலை, கரண்ட் போவதற்குள் மோட்டாரைப் போட்டுக் குடம், அண்டா, பக்கெட், சோற்றுப்பானை வரைக்கும் தண்ணீர் பிடித்து வைப்பது. தமிழ்ச்செல்வியும் பிடித்து வைத்தாள். பிடித்த கையோடு பின்னறைக்குப் போய்க் கம்ப்யூட்டரிலும் அதையே செய்தாள். நெட் போய்விட்டால் பெட்டி கணக்கு இல்லாமல் சும்மா நிற்குமே, வேண்டுதலில் பாதி அதுதானே? அதனால், எத்தனை நாளைக்கு வேலை எடுத்து வைக்கலாம் என்று கேட்கும் இடத்தில் இருப்பதிலேயே பெரிய அளவைப் போட்டாள். கணக்குகள் மளமளவென்று வந்து இறங்கின. அவள் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டாள். பிடித்து வைத்த தண்ணீருக்குக் கெடு கிடையாது, இதற்கு உண்டு என்பது அந்த நேரத்தில் அவளுக்கு உறைக்கவில்லை.

அன்று ராத்திரி காற்று அடித்த அடியில் திருமுக்கூடல் வரைக்கும் கம்பங்கள் சாய்ந்தன. நெட் போகவே இல்லை, கரண்ட்தான் போனது. இன்வெர்ட்டரில் வீட்டுக்கு ஒரு லைட் போடவும் அவள் விடவில்லை, எல்லாம் பெட்டிக்கே. அப்படியும் மறுநாள் மதியம் இன்வெர்ட்டர் கூவி ஓய்ந்தது. உஸ்ஸென்ற சத்தம் நின்றது. அந்த வீட்டில் அத்தனை அமைதியை யாரும் அதுவரை கேட்டதில்லை. மின்வாரிய ஆட்களைத் தெருமுனையில் பார்க்கும்போதெல்லாம் போய்க் கேட்டாள். சாயங்காலம் வந்துடும்மா என்றே ஒவ்வொரு தடவையும் சொன்னார்கள். பொய் சொல்லவில்லை பாவம், எந்த நாளுடைய சாயங்காலம் என்று அவர்களுக்கே தெரியாது.

மொத்தக் கணக்குகளில் முதல் கத்தைக்கு வியாழக்கிழமை மாலையோடு கெடு. புதன் இரவு முழுக்க அவளுக்குத் தூக்கம் இல்லை. வியாழன் காலையில் சுபாஷ்ரீ படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. நெற்றியில் கை வைத்தவள் சட்டென்று கையை எடுத்தாள். அடுப்பில் ஏற்றிய தோசைக்கல் மாதிரி கொதித்தது.

காய்ச்சல் எல்லோருக்கும் வருவதுதான். மழையில் நனைந்த பாதித் தெருவுக்கு அன்று காய்ச்சல். ஆனால் இந்த வீட்டில் காய்ச்சல் என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம். முதல் தடவையும் அது இப்படி ஒரு காய்ச்சலாகத்தான் ஆரம்பித்தது. எப்போது காய்ச்சல் வந்தாலும் தாமதிக்காமல் அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். முத்துவேல் புயலால் கம்பெனி லீவு என்று வீட்டில் இருந்தான். உடனே காஞ்சிபுரம் கிளம்பலாம் என்றான். தமிழ்ச்செல்வி தலையாட்டினாள். ஆனால் அவளுடைய மனசில் வேறொன்று உருண்டுகொண்டிருந்தது. இன்றைக்குக் கெடு, இன்றைக்கே காய்ச்சல். சாமி எச்சரிக்கை கொடுக்கிறது. மாலைக்குள் கணக்கு போய்ச் சேர்ந்துவிட்டால் காய்ச்சல் தானாக விட்டுவிடும். சேராவிட்டால், எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடி என்ன ஆகப்போகிறது?

இதைச் சொன்னால் முத்துவேல் ஒப்புக்கொள்ள மாட்டான் என்று தெரியும். மாத்திரை கொடுத்துப் பாருங்கள், ரோட்டில் மரம் கிடக்கிறதாம், ஆட்டோ ஏற்பாடு செய்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்தாள். பின்கதவு வழியாகப் பெட்டியையும் திரையையும் பழைய போர்வையில் சுற்றி ஸ்கூட்டியில் வைத்துக் கட்டினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அவனிடம் சொன்ன பெரிய பொய் அது.

ஊரில் அன்றைக்கு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்த இடம் ராஜாராமின் கல்யாண மண்டபம். புயலுக்காக முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க முடியாத ஒரு குடும்பம் உள்ளே கல்யாணம் நடத்திக்கொண்டிருந்தது. மண்டபத்து லைசென்ஸ் வேலையெல்லாம் தமிழ்ச்செல்விதான் முடித்துக் கொடுத்திருந்தாள் என்பதால் ராஜாராமுக்கு அவளிடம் மரியாதை. ஒரு பிளக் மட்டும் வேண்டும் அண்ணா என்றாள். எதற்கு என்று கேட்க வந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. காய்கறி அடுக்கியிருந்த ஸ்டோர் ரூமில் இடம் காட்டினார்.

பூசணிக்காய்க்கும் வாழைத்தாருக்கும் நடுவில் பெட்டி மறுபடியும் உஸ்ஸென்றது. போனிலிருந்து நெட் கொடுத்தாள். கணக்குகள் விட்ட இடத்திலிருந்து நகர ஆரம்பித்தன. நூற்றுக்கு இத்தனை முடிந்தது என்று ஒவ்வொரு கோடாக ஏறியது. கெடு நெருங்கிவிட்டால் பெட்டியே மற்றதை நிறுத்திவிட்டு அவசரமானதை முன்னால் போட்டுக்கொள்ளும், அது அவ்வளவு சமர்த்து. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவளுக்கு விளங்கிவிட்டது. வாங்கின கத்தை பெரிது, மிச்சமிருக்கும் பொழுது சிறிது. எல்லாம் முடியாது. கடையில் தினமும் நூறு பேர் கணக்கைச் சரிபார்க்கிறவள் இந்தக் கணக்கை மட்டும் திரும்பத் திரும்பத் தப்பாகப் போட்டுப் பார்த்தாள், ஒருவேளை முடிந்துவிடுமோ என்று. மேளச்சத்தம் காதைப் பிளந்தது. பெண் வீட்டுக்காரர் ஒருவர் எட்டிப் பார்த்து, கல்யாணத்தை நெட்டில் லைவ்வாகக் காட்டுகிறவள் என்று நினைத்துக்கொண்டு, எங்கள் பக்கத்து ஆட்களையும் காட்டும்மா என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

முத்துவேல் போன் செய்தான். மாத்திரை போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை, உடம்பு தூக்கிப் போடுகிறது என்றான். இன்னும் கொஞ்ச நேரம் என்றாள். ஆட்டோ கிடைத்ததா என்று கேட்டான். அதற்கும் இன்னும் கொஞ்ச நேரம் என்றாள். பின்னால் நாதஸ்வரம் கேட்டிருக்க வேண்டும்.

"தமிழு, நீ எங்க கீற? இன்னா பண்ணிக்கினு கீற?" என்று மெதுவாகக் கேட்டான்.

அவள் போனை வைத்தாள். எழுந்து ஓட வேண்டும் என்று கால்கள் சொல்லின, இன்னும் இரண்டு கோடு ஏறட்டும் என்று பயம் சொன்னது. பெற்ற பெண் அங்கே தூக்கிப் போடும்போது இங்கே பூசணிக்காய் நடுவில் உட்கார்ந்திருக்கிறோமே என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தும் எழுந்திருக்கவில்லை. பயம் அவளை அந்த அளவுக்குப் பிடித்து வைத்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஸ்டோர் ரூம் வாசலில் முத்துவேல் வந்து நின்றான். நாதஸ்வரத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான். அவன் தோளில் சாய்ந்தபடி சால்வை போர்த்திக்கொண்டு சுபாஷ்ரீ. அவளுக்கு இப்போது ஒன்பதாம் வகுப்பு, அம்மா உயரம் வந்துவிட்டாள். ஆட்டோவை வெளியே நிறுத்தியிருந்தான். அந்தச் சாது மனிதனின் முகத்தில் அப்படி ஒரு கோபத்தைத் தமிழ்ச்செல்வி பார்த்ததே இல்லை. அவன் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"மா, எந்திரி. போலாம்."

சாயங்காலம் கெடு கண்ணு, அம்மா முடித்துவிட்டு வந்துவிடுகிறேன், நீ அப்பாவோடு போ, எல்லாம் உனக்காகத்தான் என்று என்னென்னவோ சொன்னாள் தமிழ்ச்செல்வி. குளறலாகத்தான் வந்தது.

"அது எப்பவோ தாண்டிடுச்சும்மா," என்றாள் சுபாஷ்ரீ. "மாமா கல்யாணத்துக்கு நீ மாகறல் போயிருந்த இல்ல? நான் கேம் ஆட இத நிறுத்தி வெச்சேன். திரும்ப ஓட்ட மறந்துட்டேன். நீ போன் பண்ணப்பல்லாம் ஓடுதுன்னு பொய் சொன்னேன். நாலஞ்சு கணக்கு லேட்டாதான் போச்சு. ஒண்ணும் ஆவலியே, நான் நல்லாதானே கீறேன்? வா, போலாம்."

தமிழ்ச்செல்வி வாழைத்தாரைப் பிடித்துக்கொண்டாள். தம்பி கல்யாணம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அத்தனை நாளாக முடிச்சு அறுந்து கிடந்திருக்கிறது, அது தெரியாமல் அவள் அதற்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இதைக் கேட்டவளுக்குப் பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. அப்படியானால் இந்தக் காய்ச்சல்தான் அதற்கான தண்டனையோ என்றுதான் அவளுடைய புத்தி முதலில் போனது. அந்த நினைப்பு முகத்தில் ஓடியிருக்க வேண்டும். மகள் அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்தக் குனிந்த தலையைப் பார்த்ததும் தமிழ்ச்செல்விக்கு எப்படியோ கால் வந்தது. திரையின் முன்னால் குனிந்து, மிச்சமிருந்த கணக்குகள் அத்தனையையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்தாள். வெங்கடேசன் அன்றைக்குச் சொன்ன பொத்தான், இத்தனை வருஷத்தில் அவள் கிட்டேகூடப் போகாத பொத்தான், 'அபார்ட்' என்று இருந்தது. என்னால் முடியாது, வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று அர்த்தம். நிச்சயம்தானா என்று கம்ப்யூட்டர் கேட்டது. அழுத்தினாள். ஒவ்வொன்றாகத் திரும்பிப் போய் வரிசை காலியானது. எங்கேயோ யாரோ முகம் தெரியாதவர்களின் பெட்டிகளுக்கு அவை இந்நேரம் கிளம்பியிருக்கும். அவள் பிளக்கைப் பிடுங்கினாள். பெட்டியை இங்கேயே வைத்திருக்கட்டுமா என்று ராஜாராம் கேட்டதற்கு அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

காஞ்சிபுரம் போகிற வழி முழுக்க மரங்கள். ஆட்டோ சுற்றிச் சுற்றிப் போனது. மாகறல் பக்கம் வந்தபோது செய்யாறு இரு கரையும் தொட்டு ஓடியது. எப்போதும் கோபுரம் இருக்கும் திசைக்குக் கை கூப்புகிறவள் அன்று கூப்பவில்லை. எதைச் சொல்லிக் கும்பிடுவது என்று தெரியவில்லை. மகளை இறுக்கி அணைத்தபடி, சூடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று கன்னத்தோடு கன்னம் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். முத்துவேல் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். சுபாஷ்ரீ தானாகவே கையை நீட்டினாள், முகத்தை மட்டும் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ரிசல்ட் வருகிற வரைக்கும் மூவரும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பழைய நாட்களின் வாடை, பினாயிலும் ஸ்பிரிட்டும் கலந்த அந்த வாடை, தமிழ்ச்செல்வியின் மூக்கில் ஏறியது. மறுபடியும் அந்த வார்டு, மறுபடியும் உதிரும் முடி, மறுபடியும் முகத்தைப் பார்க்காமல் பேசும் டாக்டர். இது எதையும் தன்னால் இன்னொரு தடவை தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது. வேண்டிக்கொள்ள வாய் வந்தது. நேர்ந்துகொள்ள எதுவும் இல்லாமல், வெறுமனே பயந்தபடி உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் கூப்பிட்டார், வயசுப் பெண். தாளை ஒரு முறை பார்த்தார், பழைய ஃபைலைப் புரட்டினார், மறுபடியும் தாளைப் பார்த்தார். வெள்ளை அணு, தட்டணு எல்லாம் சரியாகவே இருக்கிறது, இது மழைக் காய்ச்சல், நாலைந்து நாளில் சரியாகிவிடும், பயப்பட ஒன்றுமில்லை என்றார். காலையில் காய்ச்சல் வந்திருக்கிறது, ஏன் இவ்வளவு நேரம் கழித்துக் கொண்டுவந்தீர்கள் என்று மட்டும் கேட்டார். முத்துவேல் தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரோட்டில் மரம் விழுந்திருந்தது டாக்டர் என்றான்.

வெளியே வந்ததும் அவன் மருந்து வாங்கப் போனான். சுபாஷ்ரீ சந்தோஷப்பட்ட மாதிரியே தெரியவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தவள் கையில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தோள் குலுங்கியது. மண்டபத்தில் அத்தனை தைரியமாகப் பேசி அம்மாவை எழுப்பிக்கொண்டு வந்த பெண் தேம்பித் தேம்பி அழுதாள். தமிழ்ச்செல்வி பதறிப்போய், என்ன கண்ணு, எங்கே வலிக்கிறது என்று கேட்டாள்.

"அப்ப என்னால ஒண்ணும் ஆவலியாம்மா?" என்றாள் சுபாஷ்ரீ. "நான்தான கெடுத்தேன். ஒவ்வொரு வாட்டி ரத்தம் எடுக்கறப்பவும், இந்த வாட்டி வந்துடும், என்னாலதான் வரப்போவுதுன்னு நெனச்சிக்கினுதான் கைய நீட்டுவேன். உங்கிட்ட எப்டி சொல்றது?"

தன் பயம் தன்னோடு மட்டும் இருப்பதாகத்தான் தமிழ்ச்செல்வி இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இந்தப் பிஞ்சு அதை ஒரு வருஷத்துக்கு மேல் தனியாகத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருக்கிறது, சோறு தின்றிருக்கிறது, தன் பக்கத்திலேயே படுத்துத் தூங்கியிருக்கிறது. பெண்ணை நோயிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, அந்த நோயைவிட மோசமான ஒன்றை அதன் தலையில் கட்டிவிட்டோமே என்று நெஞ்சு வெந்தது.

மகளின் முகத்தை இரண்டு கையாலும் நிமிர்த்தினாள்.

"உன்னால இல்ல. இப்பவும் இல்ல, இனிமே எப்ப இன்னா வந்தாலும் உன்னால இல்ல. அந்தப் பொட்டியாலயும் இல்ல."

"நெஜமாவா?"

"நெஜமா."

சொல்லும்போதும் அவளுக்குப் பயம் விட்டபாடில்லை. அத்தனை கணக்கையும் முடிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறோமே, அடுத்த தடவை ரத்தம் எடுக்கும்போது என்ன வருமோ என்று உள்ளே அந்தப் பழைய குரல் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தது. அதை மகள் கண்டுபிடித்துவிடாதபடி அவள் கண்ணை நேராகப் பார்த்து, இன்னொரு தடவை நிஜம்தான் என்று சொன்னாள்.